சைக்கிள் கியர் ஷிஃப்டர் இறுகிப்போச்சா? வீட்டிலேயே சரிசெய்ய முழு வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை எந்தக் கியரில் வேண்டுமானாலும் மிதித்துவிடலாம். அதற்கு மேல் லோ கியர் விழவில்லை என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கியர் விழாத சைக்கிளை வைத்துக்கொண்டு பலர் செய்வது, லிவரைப் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பார்ப்பது. அதில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உடைந்துவிடும். இன்னும் சிலர் நேரே கடைக்குப் போகிறார்கள். அங்கே அவசரத்தில் பார்ப்பவர் "செட்டையே மாத்திடலாம்" என்பார். வேறு சிலர் அப்படியே ஒரே கியரில் ஓட்டப் பழகிக்கொள்கிறார்கள். 21 கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பிள்ளை அதை ஒரே கியரில் பள்ளிக்கு மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஏனென்றால் இறுகிப்போன ஷிஃப்டர்களில், அதாவது ஹேண்டில்பாரில் லிவரோடு இருக்கும் கியர் மாற்றும் பகுதிகளில், பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது கேபிள் எங்கோ பிடித்திருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஷிஃப்டரின் வேலை கேபிளை அளந்து இழுப்பதும், அளந்து விடுவதும்தான். உள்ளே ஒரு சின்ன உருளை இருக்கும். கேபிள் அதில்தான் சுற்றிக்கொள்ளும். உருளையின் விளிம்பில் பற்கள் உண்டு. அந்தப் பற்களில் விழுந்து பிடிக்க ஓரிரு கொக்கிகளும், கொக்கியை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். நாம் கேட்கும் 'கிளிக்' அந்தக் கொக்கி ஒரு பல் தாண்டி அடுத்த பல்லில் விழும் சத்தம்.

இரண்டு லிவர் உள்ள மாடல்களில், கட்டைவிரலால் தள்ளும் பெரிய லிவர் பொதுவாகக் கேபிளை இழுக்கும். சின்ன லிவர் விடும். வலது கைப் பக்கம் இழுத்தால் பின்னால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், மிதிப்பது லேசாகும். விட்டால், டீரெய்லரில் இருக்கும் ஸ்பிரிங் செயினைச் சின்ன பல்சக்கரத்துக்கு இழுத்துவிடும். பின் சக்கரத்தின் ஓரமாகத் தொங்கிக்கொண்டு செயினை இடம் மாற்றிப் போடுகிறதே, அதுதான் டீரெய்லர்.

ஆக, போகும்போது நம் விரலின் பலம், திரும்பும்போது ஸ்பிரிங்கின் பலம். இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதி நோய் தானாகப் புரிந்துவிடும். ஏறுகிறது, ஆனால் இறங்க மறுக்கிறது என்றால் கேபிள் எங்கோ உரசுகிறது. விரல் அந்த உரசலை வென்றுவிடுகிறது, ஸ்பிரிங்கால் முடியவில்லை. லிவர் தொளதொளவென்று ஆடுகிறது, கிளிக்கே இல்லை என்றால் கொக்கி பல்லில் விழவில்லை. லிவர் கல் மாதிரி நிற்கிறது என்றால் ஷிஃப்டருக்குள் ஏதோ மாட்டியிருக்கிறது. கிளிக் சரியாகக் கேட்கிறது, செயின் மட்டும் அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது டீரெய்லரில் கட்டிய இடத்தில் நழுவியிருக்கலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

5 எம்எம் ஆலன் கீ, சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டபிள்யூடி-40 மாதிரி குழாய் வைத்த துரு நீக்கும் ஸ்பிரே, தையல் மிஷின் எண்ணெய், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். கேபிள் மாற்ற வேண்டி வந்தால் நல்ல கூர்மையான கட்டர் ஒன்று.

பின் சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். முழு எடையும் நாம் சரிசெய்ய வந்த ஷிஃப்டர் மேலேயே இறங்கும், கேபிளும் வளைந்து தப்பான அறிகுறி காட்டும். வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதிலிருந்து ஒரு கயிறு விட்டு சீட்டைக் கட்டித் தூக்குங்கள். சக்கரம் நாலு விரல் உயரம் எழும்பினால் போதும். கொக்கி இல்லாத வீட்டில் ஒருவர் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே இறுகியிருக்கிறதா?

இதைப் பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம். நிறுத்தி வைத்த சைக்கிளில் லிவர் கனமாகத்தான் இருக்கும். செயின் ஓடினால்தான் இடம் மாறும். நிறுத்தி வைத்த சைக்கிளில் குழந்தைகள் லிவரைத் தட்டி விளையாடுவதால் கேபிள் விறைத்துக்கொண்டு, காலையில் எடுக்கும்போது 'ஜாம்' ஆனது போலத் தெரியும். பெடலை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே லிவரைத் தட்டுங்கள். விட்டுப்போனால் வேலை முடிந்தது.

இன்னொன்று: செயின் ஏற்கெனவே கடைசிப் பல்சக்கரத்தில் இருந்தால் அதற்கு மேல் லிவர் போகாது. அது கோளாறு அல்ல. ஷிஃப்டரில் எண் காட்டும் சின்னக் கண்ணாடி இருந்தால் அதையும், பின்னால் செயின் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு போல்ட்

டீரெய்லரில் கேபிள் வந்து முடியும் இடத்தில் ஒரு போல்ட் அதை அழுத்திப் பிடித்திருக்கும். பெரும்பாலும் 5 எம்எம் ஆலன் கீ. தளர்த்துவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வாஷருக்கு அடியில் கேபிள் படுக்க ஒரு பள்ளம் இருக்கும், திரும்பக் கட்டும்போது அதே பள்ளத்தில், அதே பக்கத்தில் படுக்க வேண்டும். முடிந்தால் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தளர்த்துங்கள். கேபிளையே மாற்றும் நிலை வராதவரை, அதன் நுனியில் இருக்கும் சின்ன அலுமினியத் தொப்பியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் இழைகள் பிரிந்து, திரும்ப நுழைக்க முடியாமல் போகும்.

இப்போது ஷிஃப்டர், கேபிள், டீரெய்லர் மூன்றும் தனித்தனி. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டீரெய்லரைக் கையால் சக்கரத்தை நோக்கித் தள்ளி விடுங்கள். பட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் அதன் மூட்டுகள் வறண்டிருக்கின்றன. டூத் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்தெடுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து முறை தள்ளித் தள்ளி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியே பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழே உள்ளது உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் சைக்கிள் அந்தப் பக்கமாக விழுந்து, டீரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்த அளவு பார்க்கும் கருவி வேண்டும், அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து கேபிளின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் லிவரைத் தட்டுங்கள். லேசான இழுவை அவசியம், அது இல்லாவிட்டால் நல்ல ஷிஃப்டரும் சரியாக விடாது. எல்லா எண்ணும் கிளிக் கிளிக்கென்று போய்த் திரும்பினால் ஷிஃப்டர் நலம், குற்றவாளி கேபிள்தான். லிவர் இன்னமும் தொளதொளத்தாலோ இறுகியிருந்தாலோ ஷிஃப்டருக்குள் பார்க்க வேண்டும்.

லிவர் தொளதொளத்தால்: காய்ந்த கிரீஸ்

வீட்டில் ஒரு மூலையில் சில வருஷம் கிடந்த சைக்கிளில் அதிகம் பார்ப்பது இதுதான். ஷிஃப்டருக்குள் வைத்த கிரீஸ் நாளாக நாளாகக் காய்ந்து, ஆறிப்போன வெல்லப்பாகு போல ஒட்டிக்கொள்கிறது. கொக்கி அதில் சிக்கி நின்றுவிடுகிறது. அந்த மெல்லிய ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடிவதில்லை. செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசி பறக்கும் சாலைகளில் ஓடும் சைக்கிளில் அந்தக் கிரீஸோடு தூசியும் சேர்ந்துகொள்ளும். ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் காலையில் மட்டும் லிவர் வேலை செய்யாமல், வெயில் ஏறியதும் சரியாகிறது என்றாலும் இதே நோய்தான். குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டியாகிறது.

முதலில் பிரேக்கைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரே பிரேக் டிஸ்க்கிலோ, ரிம்மிலோ, பிரேக் கட்டையிலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது. மலை இறங்குகிற ஊரில் இதில் அலட்சியம் கூடவே கூடாது. இரண்டு சக்கரத்தையும் பிளாஸ்டிக் பையால் மூடி, ஷிஃப்டருக்குக் கீழே துணி விரித்துவிடுங்கள்.

சில மாடல்களில் அடிப்பக்கம் ஓரிரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ கழற்றினால் மூடி வந்துவிடும், உள்ளே கொக்கியும் பல்லும் தெரியும். அதுவரை கழற்றலாம். நடுவில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நட்டைத் தொடவே வேண்டாம். அது வந்தால் ஸ்பிரிங் தெறிக்கும், எது எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூடி வராத மாடலில், லிவருக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஸ்பிரேயின் குழாயை நுழைத்தாலே போதும்.

தாராளமாக அடியுங்கள். இரண்டு லிவரையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு ஒழுகும். கால் மணி நேரம் ஊற விட்டு மறுபடி அடியுங்கள், மறுபடி தட்டுங்கள். முதல் தடவையில் ஒன்றும் ஆகவில்லை என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். மூன்று, நான்கு சுற்று தேவைப்படுவது சகஜம். திடீரென்று ஒரு கிளிக் கேட்கும். அப்புறம் இன்னொன்று. எல்லா எண்ணும் திரும்பும் வரை தொடருங்கள். ரொம்பப் பிடிவாதமான ஷிஃப்டராக இருந்தால் ராத்திரி முழுக்க ஊற விட்டுக் காலையில் பாருங்கள்.

ஒழுகுவது தெளிவாக வந்ததும் துடைத்துக் காய விடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே அழுக்கைக் கரைக்க நல்லது, ஆனால் அதன் வழுவழுப்பு சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் முடிவில் தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் அதுவே பிசுபிசுத்துக் காய்ந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸும் வேண்டாம், கொக்கியை அது மறுபடி ஒட்டிவிடும். பெட்ரோல், தின்னர் இரண்டும் கிட்டவே வரக்கூடாது. பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

முறுக்கும் வகை ஷிஃப்டர், அதாவது கைப்பிடியையே திருகி கியர் மாற்றும் வகை, வேறு மாதிரி. அதில் பெரும்பாலும் கிரீஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ரப்பர் கைப்பிடி நகர்ந்து வந்து ஷிஃப்டரின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இரண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி விட்டுப் பாருங்கள். இழுக்க வராவிட்டால் ரப்பருக்கு அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கும்.

லிவர் கல்லாக நின்றால்: பிரிந்த கேபிள்

கேபிள் ஷிஃப்டரின் உருளையைச் சுற்றி வளையும் இடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல், ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டு வரும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு: கியரை டியூன் செய்த சில நாளிலேயே மறுபடி மறுபடி நழுவும். கடைசியில் அறுந்த இழைகள் உருளைக்கும் கூட்டுக்கும் நடுவே செருகி லிவரை நிறுத்திவிடும். இந்த நிலையில் பலம் போட்டால் கேபிளின் தலை உள்ளேயே தங்கிவிடும்.

ஷிஃப்டரை முடிந்த அளவு தளர்ந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வலதில் சின்னப் பல்சக்கரத்துக்கான எண், இடதில் முன்னால் உள்ள சின்ன வளையத்துக்கான எண். கேபிள் வெளியே வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ மூடி அல்லது ரப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்து, கேபிளை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் அதன் தலை எட்டிப் பார்க்கும். பிடித்து இழுத்துவிடலாம். தலை மட்டும் அறுந்து உள்ளே நின்றால் சாமணம் வேண்டும். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நுனி மெல்லிய சாமணம் கேட்டுப் பாருங்கள், இந்த வேலைக்கு அது ரொம்பப் பொருத்தம். அறுந்த இழைத் துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்பிரே அடித்துக் கழுவி, லிவர் எல்லா எண்ணுக்கும் போய்வருகிறதா என்று பார்த்த பிறகே புதுக் கேபிளைச் செருகுங்கள்.

கேபிள்தான் குற்றவாளி என்றால்

கேபிளை இரண்டு முனையிலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகரவென்றால் உள்ளே துரு. எங்கே முதலில் துருப்பிடிக்கும் தெரியுமா? டீரெய்லருக்குப் பக்கத்தில் வளைந்து போகும் அந்தக் குட்டி அவுட்டரில், அதாவது கேபிளின் வெளிக்குழாயில். பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு முழுவதும் அதன் வாயில்தான் விழுகிறது. ஐப்பசி மழையில் குப்பனூர் பாதையில் ஏறி இறங்கிய சைக்கிளை அப்படியே நிறுத்திவைத்தால் இந்தத் துண்டு போய்விடும். மற்ற எல்லாம் நன்றாக இருந்தால் இதையும், உள்ளே ஓடும் கம்பியான இன்னரையும் மட்டும் மாற்றினால் போதும். செலவும் மிகக் குறைவு.

இன்னொரு இடம் பெடல் அச்சுக்குக் கீழே. சில சைக்கிள்களில் கேபிள் அங்கே ஒரு பிளாஸ்டிக் தடத்தில் திறந்தபடி ஓடும். சேறு அதில் விழுந்து இறுகிப்போகும். ஈரத் துணியால் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும்.

புதுசு வாங்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள்: "அண்ணே, கியர் இன்னர் 1.2 எம்எம், கியர் அவுட்டர் 4 எம்எம்." வெறுமனே கேபிள் என்றால் பிரேக் கேபிள் கைக்கு வந்துவிடலாம். அதன் இன்னர் 1.5 அல்லது 1.6 எம்எம், அவுட்டர் 5 எம்எம், தலையும் பெரியது. அவுட்டரின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாக இருக்கும். சுருளை கியருக்குப் போட்டால் அழுத்தத்தில் சுருங்கும், எந்த கியரும் நிலைக்காது. கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது அதைவிட மோசம். பிரேக் அழுத்தும் பலத்தில் அது பிளந்துவிடலாம். இன்னரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குவது மழை நாளுக்கு நல்லது.

அவுட்டரைப் பழைய துண்டின் நீளத்துக்கே வெட்டுங்கள். மழுங்கிய குறடு வாயை நசுக்கிவிடும். வெட்டியபின் முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, உள் குழாயை ஊசியால் திறந்துவிட்டு, இரண்டு முனைக்கும் கேப் போடுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அவுட்டர் எங்கும் விறைக்கவோ மடங்கவோ கூடாது.

திரும்பக் கட்டி டியூன் செய்வது

ஷிஃப்டர் தளர்ந்த எண்ணில், செயின் சின்னப் பல்சக்கரத்தில். ஷிஃப்டரிலிருந்து கேபிள் வெளியே வரும் இடத்தில் கையால் திருகும் உருண்டைத் திருகு இருக்கும். டீரெய்லரிலும் ஒன்று இருக்கலாம். அதை முழுக்க உள்ளே திருகிவிட்டு ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து, பள்ளத்தில் படுக்கவைத்து போல்ட்டை முடுக்குங்கள். 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும். ஆலன் கீயை நீள முனையைப் பிடித்துத் தொங்காமல், ஓரளவு அழுத்தமாக முடுக்கினால் அந்த அளவு வரும். அதற்கு மேல் போனால் கேபிள் நசுங்கும்.

பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு கிளிக். செயின் இரண்டாவது பல்சக்கரத்துக்கு உடனே ஏற வேண்டும். ஏறத் தயங்கினால் உருண்டைத் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அரைச் சுற்று. இரண்டு பல் தாண்டினாலோ இறங்கத் தயங்கினாலோ கடிகாரத் திசையில் அரைச் சுற்று. இப்படியே ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

டீரெய்லரில் எச், எல் என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவை எல்லைக் காவல்: எச் சின்னப் பல்சக்கரப் பக்கம், எல் பெரிய பல்சக்கரப் பக்கம். எல் ரொம்ப உள்ளே இருந்தால் கடைசி லோ கியர் விழாது, அதுவும் ஷிஃப்டர் இறுகியது போலவே தோன்றும். அதனால் கடைசிக் கியரில் மட்டும் லிவர் முட்டினால் எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். அதிகமாக எடுத்தால் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸில் விழும். ஏற்றத்தில் அது நடந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்போக்ஸும் டீரெய்லரும் சேர்ந்து போகும். ஒவ்வொரு திருப்புக்குப் பிறகும் டீரெய்லரைக் கையால் உள்நோக்கித் தள்ளி, செயின் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மலை நடுவில் மாட்டிக்கொண்டால்

கேபிள் அறுந்தால் செயின் சின்னப் பல்சக்கரத்துக்கு ஓடிவிடும். அது மிகக் கனமான கியர், அதில் ஏற்காடு ஏற முடியாது. எச் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனால் டீரெய்லர் நகர்ந்து இரண்டாவது, சில சைக்கிளில் மூன்றாவது பல்சக்கரத்தில் நிற்கும். கேபிள் பாதியாவது மிச்சம் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. டீரெய்லரைக் கையால் தள்ளி நடுப் பல்சக்கரத்தில் செயினை நிறுத்தி, மிச்சக் கேபிளை விறைப்பாக இழுத்து அதே போல்ட்டில் கட்டிவிடுங்கள். முன்னால் சின்ன வளையம் போட்டுக்கொண்டால் மெதுவாக மேலே போய்ச் சேரலாம். திரும்பி இறங்க கியரே தேவையில்லை, பிரேக் மட்டும் சரியாக இருந்தால் போதும். இதற்கெல்லாம் ஒரு ஆலன் கீயும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் சீட் பையில் இருக்க வேண்டும்.

மாற்றியே ஆக வேண்டிய ஷிஃப்டர்

நன்றாகக் கழுவிய பிறகும் ஒரே ஒரு எண்ணில் மட்டும் எப்போதும் பிடிக்காமல் நழுவினால் அந்தப் பல் தேய்ந்திருக்கிறது. கூடு வெடித்திருந்தாலும், லிவர் உடைந்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் கெட்ட பக்கத்தை மட்டும் தனியாக வாங்கலாம், ஜோடியாகத்தான் தருவேன் என்றால் வேறு கடை பாருங்கள். பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணிக்கொண்டு போங்கள். ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு. டீரெய்லர் எந்தக் கம்பெனி என்பதையும் சொல்லுங்கள். கேபிளை இழுக்கும் அளவு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. பிரேக் லிவரும் ஷிஃப்டரும் ஒரே கூட்டில் இருக்கும் மாடலா, தனித்தனியா என்பதைப் பார்க்க ஒரு படமும் எடுத்துப் போவது நல்லது.

புதுக் கேபிள் போட்டிருந்தால் முதல் சில நாளில் அவுட்டர்கள் தங்கள் இடத்தில் நன்றாக உட்கார்ந்து, கேபிள் கொஞ்சம் தளரும். செயின் ஏறத் தயங்கும். பயப்பட வேண்டாம், உருண்டைத் திருகை எதிர்த்திசையில் அரைச் சுற்று. முதல் ஓட்டத்தைக் கன்னங்குறிச்சி, மூக்கனேரி பக்கம் சமதளத்தில் ஓட்டி எல்லா கியரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் அடிவாரத்துக்குத் திருப்புங்கள்.